மதிப்பெண் தாளைத் தவிர மற்றதற்குப் போகலாம்: தண்டையார்பேட்டையில் ஒரு நாள் தற்கொலைத் தடுப்புப் பயிற்சி

கட்டணம் 300 ரூபாய். காலை ஒன்பதரை முதல் மாலை ஐந்து வரை. மதியச் சாப்பாடு, கையேடு, சான்றிதழ் எல்லாம் அதில் அடக்கம். தண்டையார்பேட்டையில் டி.எச். ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், திருமண மண்டபத்தின் மாடியில் நடந்தது. மெட்ரோவில் வந்தால் நடந்தே போய்விடலாம். கொருக்குப்பேட்டைப் பக்கமிருந்து வருபவர்கள் ரயில்வே கேட்டுக்கென்று தனியாக நேரம் ஒதுக்கிக்கொள்வது நல்லது. நடத்தியது ஒரு தன்னார்வ அமைப்பு. பெயரை எழுதப்போவதில்லை. குறைகளை அவர்களிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன், திருத்திக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். இதுபோன்ற பயிற்சிகள் இப்போது பல இடங்களில் நடப்பதால், பணம் கட்டுவதற்கு முன் என்ன கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வீடு புதுவண்ணாரப்பேட்டையில். எங்கள் தெரு மகளிர் குழுவுக்குத் தலைவியும் நான்தான் என்பதால், யார் வீட்டில் தவணை நின்றிருக்கிறது, யார் நகை அடகில் இருக்கிறது என்பதெல்லாம் கேட்காமலேயே காதுக்கு வந்துவிடும். எங்கள் குழுவில் ஒரு பெண்ணின் கணவர் தற்கொலையால் இறந்த பிறகு, கூட்டம் கூடும்போதெல்லாம் "முன்பே தெரிந்திருந்தால்" என்ற பேச்சுதான். தெரிந்துகொண்டிருக்க முடியுமா, தெரிந்திருந்தால்தான் என்ன செய்திருப்போம் என்பதற்கு எங்களில் யாரிடமும் பதில் இல்லை. பயிற்சியின் நோட்டீஸ் டீக்கடைச் சுவரில் ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டுப் போய்ச் சேர்ந்தேன்.

காலை வகுப்பை எடுத்தவர் உளவியல் படித்த இளைஞர். தெளிவாகப் பேசினார், மைக்தான் ஒத்துழைக்கவில்லை. முதலில் புள்ளிவிவரம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. நாடு முழுவதும் இறந்தவர்களில் நூற்றுக்கு 72 பேர் ஆண்கள், நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலிகள். தினக்கூலிக் கணக்கைத் திரையில் காட்டியபோது அரங்கில் சலசலப்பு எழுந்தது. அங்கே நின்று பேசியிருக்க வேண்டும். அவர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

அடுத்த படம் காரணங்களின் பட்டியல். குடும்பப் பிரச்சினை 31.7 சதவீதம், நோய் 18.4 சதவீதம் என்று போகிறது. எங்கள் பேரேட்டில் 'இதர செலவு' என்று ஒரு பத்தி உண்டு. எந்தத் தலைப்பிலும் அடங்காத பணமெல்லாம் அங்கே போய்ச் சேரும். இந்தக் 'குடும்பப் பிரச்சினை'யும் எனக்கு அப்படித்தான் தெரிந்தது. குடிக்கும் கடனுக்கும் அறிக்கையில் தனித்தனிப் பத்திகள் இருக்கின்றன. ஆனால் குடியால் கடன், கடனால் சண்டை, சண்டை நடந்த இரவில் மரணம் என்றால் அது எந்தப் பத்திக்குப் போகும்? இதைக் கேட்டேன். "நல்ல கேள்வி, மேடம்" என்றார். நல்ல கேள்வி என்பது பதில் ஆகாது.

கையேட்டில் அபாயக் காரணிகளுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஏற்கெனவே ஒரு முறை முயன்றிருப்பது, மனச்சோர்வு போன்ற நோய்கள், குடி, தீராத உடல்வலி, கடன், வேலையிழப்பு, அடி உதைக்கு ஆளாவது, நெருங்கியவரின் பிரிவு அல்லது மரணம், குடும்பத்தில் முன்பு நடந்த தற்கொலை, தனிமை, உயிருக்கு ஆபத்தான பொருள்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது. பட்டியலில் குறை சொல்ல எதுவும் இல்லை. உதாரணங்கள்தான் ஊருக்குப் பொருந்தவில்லை. பதவி உயர்வு கிடைக்காத மென்பொருள் ஊழியர், விடுதி அறையில் தனியாக இருக்கும் கல்லூரி மாணவி. அவர்களுடைய துன்பத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அரங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் மீன் விற்கும் பெண்கள், மாநகராட்சிப் பள்ளி ஆசிரியைகள், ஒரு மருந்துக் கடைக்காரர், ஓர் ஆட்டோ ஓட்டுநர், தேவாலயத்து இளைஞர் குழுவினர். தாங்கள் அன்றாடம் பார்க்கும் முகம் ஒன்றுகூட அந்த இரண்டு பக்கத்தில் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

எங்கள் பகுதிக்கு எழுதுவதாக இருந்தால் மீன்பிடித் தடைக்காலத்திலிருந்து தொடங்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம். வாரத் தவணை வசூலிக்க வருபவருக்குத் தடைக்காலம் கிடையாது. மே மாதத்தில் எங்கள் பேரேட்டின் வரவுப் பக்கத்தில் எழுதுவதற்கு ஒன்றும் இருக்காது. அதே மாதத்தில்தான் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடிவுகள் வருகின்றன. பிள்ளைகளுக்குப் பள்ளிச் செலவு தொடங்குவதும் அப்போதுதான். அப்பா வீட்டிலேயே இருக்கிறார், கையில் காசில்லை, சாயங்காலமானால் கடன் வாங்கியாவது குடிக்கிறார். வாசலில் வசூல்காரர் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே ஒரு பிள்ளை இரண்டு பாடத்தில் போய்விட்டது. இவற்றில் ஒன்று மட்டும் வந்தால் எங்கள் ஜனங்கள் தாங்கிக்கொள்வார்கள், வருடா வருடம் தாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். எல்லாம் ஒரே வாரத்தில் சேர்ந்து வரும்போதுதான் பயப்பட வேண்டியிருக்கிறது. கடனைவிட, கடன்காரர் தெருவே கேட்கும்படி பேசிவிட்டுப் போகும் அவமானம் பெரிது. கையேட்டில் கடன் இருக்கிறது, அவமானம் இல்லை.

இதை ஓர் ஆசிரியை வேறு கோணத்தில் எடுத்துச் சொன்னார். தேர்வில் தவறிய பிள்ளைகள் ஒரு வருடம் காத்திருக்காமல் சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுதலாம் என்ற ஏற்பாடு வந்த பிறகு, முடிவு வெளியாகும் நாளில் பெற்றோரிடம் பேசுவதே எளிதாகிவிட்டதாம். "வருடம் போகவில்லை, மாதம்தான் போகிறது என்று சொல்ல முடிகிறது" என்றார். காலை வகுப்பில் உருப்படியான பேச்சு என்றால் இதுதான். அது மேடையிலிருந்து வரவில்லை.

இனி அந்த மதிப்பெண் தாள். பத்துக் கேள்விகள், கேள்விக்கு ஒரு மதிப்பெண். மூன்று வரை குறைந்த அபாயம், ஆறு வரை நடுத்தரம், ஏழும் அதற்கு மேலும் அதிகம். தெரிந்தவர் ஒருவரை மனத்தில் வைத்து நிரப்பச் சொன்னார்கள். ஆணா, கடன் உண்டா, குடிப்பாரா, வேலை நிரந்தரமில்லாததா, உடம்பில் வலி இருக்கிறதா, தூக்கம் கெட்டிருக்கிறதா என்று போகிறது கேள்வி. நான் எங்கள் கம்பெனிக்குப் பாக்கி வைத்திருப்பவர்களை ஒவ்வொருவராகப் போட்டுப் பார்த்தேன். மே மாதத்துத் துறைமுகத்தில் பாதிப் பேர் ஏழு மதிப்பெண்ணைத் தாண்டுகிறார்கள். அவர்களெல்லாம் என்னிடம் சண்டை போட்டுக்கொண்டும், இன்னும் பத்து நாள் தவணை கேட்டுக்கொண்டும் நன்றாகவே இருக்கிறார்கள். எங்கள் குழுப் பெண்ணின் கணவரைப் போட்டேன். நான்கு வந்தது.

இதைச் சொன்னதும் இளைஞர் தடுமாறினார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த இன்னொரு பயிற்சியாளர், மதிய வகுப்பை எடுக்க வேண்டிய அம்மையார், எழுந்து வந்து பதில் சொன்னார். 2017இல் வெளியான ஓர் ஆய்வு, ஐம்பது ஆண்டுகளில் வந்த 365 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்திருக்கிறது. தெரிந்த அபாயக் காரணிகளை வைத்துக்கொண்டு இன்னார் முயல்வார், இன்னார் முயலமாட்டார் என்று சொல்வது, காசைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே மேல் என்பதுதான் அதன் முடிவு. பிரிட்டனில் மருத்துவர்களுக்கு வழிகாட்டும் நைஸ் அமைப்பும் 2022இல், இப்படிப்பட்ட அளவுகோல்களைக் கொண்டு எதிர்காலத் தற்கொலையைக் கணிக்க வேண்டாம், சிகிச்சை யாருக்கு என்று தீர்மானிக்கவும் வேண்டாம் என்று எழுதிவிட்டது. அப்படியிருக்க இந்தத் தாளை ஏன் கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். பழைய கையேட்டிலிருந்து வந்துவிட்டது என்றார். நேர்மையான பதில். ஆனால் அன்று அரங்கிலிருந்த நாற்பது பேரும் அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார்கள். யாராவது ஒருவர், 'மூன்றுதான் வந்தது, பயமில்லை' என்று ஒரு வாசலிலிருந்து திரும்பி வந்துவிட்டால் என்ன செய்வது?

அப்படியானால் காரணிகளைத் தெரிந்துகொள்வதே வீணா என்று மருந்துக் கடைக்காரர் கேட்டார். வீணில்லை, அவை ஊருக்குப் பயன்படும் என்றார் அம்மையார். இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்துகொண்டே வந்த ஆண்டுகளில் தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. அங்கே யாரும் வீடு வீடாகப் போய் இவர் சாவார், அவர் சாகமாட்டார் என்று கணக்குப் போடவில்லை. ஆபத்தான பொருளை எல்லாருடைய கைக்கும் எட்டாமல் வைத்தார்கள். தனி ஆள் விஷயத்தில் காரணி என்பது, போய்க் கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று நமக்குச் சொல்வதோடு சரி. மீதியைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

எப்படிக் கேட்பது என்பதுதான் மதிய வகுப்பு. 300 ரூபாயும் இதற்கே தகும். அம்மையார் பல ஆண்டுகள் உதவித் தொலைபேசியில் தன்னார்வலராக இருந்தவர். மடிக்கணினி இல்லை, மைக்கையும் ஓரமாக வைத்துவிட்டார். நேரடியாகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் எல்லாரிடமும் இருக்கிறது, ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை, கேட்கப்பட்டவருக்குப் பாரம் குறைவதுதான் வழக்கம் என்று சொல்லிவிட்டு, இரண்டு பேரை முன்னால் கூப்பிட்டார். ஆட்டோ ஓட்டுநர் கடன்பட்டவராக நடிக்க வேண்டும். ஓர் ஆசிரியை பக்கத்து வீட்டுக்காரர்.

"ஏன் தம்பி முகம் வாடியிருக்கிறது? தப்பான முடிவு எதுவும் எடுத்துவிடாதீர்கள். பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள்" என்று தொடங்கினார் ஆசிரியை.

"அதெல்லாம் ஒன்றும் இல்லை, டீச்சர்" என்றார் ஆட்டோக்காரர்.

அம்மையார் நிறுத்தினார். "இல்லை என்று அவர் சொல்வதற்கு நீங்களே வழி செய்துகொடுத்துவிட்டீர்கள். அறிவுரையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். என்ன நடந்தது என்பதைச் சொல்லிக் கேளுங்கள்."

ஆசிரியை சற்று யோசித்தார். "நேற்று அவர்கள் வாசலில் வந்து கத்திவிட்டுப் போனது என் காதிலும் விழுந்தது. அதற்குப் பிறகு, செத்துப்போகலாம் என்ற எண்ணம் உங்களுக்கு வருகிறதா?"

"வந்திருக்கிறது, டீச்சர்."

அது நடிப்பா, நிஜமா என்று யாரும் கேட்கவில்லை. இடைவேளையில் அம்மையார் மட்டும் அவரோடு தனியாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

ஆமாம் என்று ஒருவர் சொல்லிவிட்டால் அடுத்து என்ன என்பதையும் விடாமல் சொல்லிக்கொடுத்தார்கள். பதறாமல் முழுவதையும் கேட்பது, தனியே விடாமல் கூடவே இருப்பது, வீட்டில் ஆபத்தான பொருள் இருந்தால் அப்புறப்படுத்துவது, உதவி எண்ணை அவர் கையில் கொடுப்பதோடு நிற்காமல் பக்கத்திலிருந்து நாமே அழைத்துக் கொடுப்பது. எண்கள்: 14416, இது மனநலத்துக்கான இலவச எண், எந்த நேரமும் தமிழில் பேசலாம். மாநிலச் சுகாதார உதவி எண் 104. சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகாவின் எண் 044-24640050. இவ்வளவு முக்கியமான எண்களைக் கையேட்டின் பின்னட்டையில், அச்சகத்தின் முகவரிக்குக் கீழே, கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பெரிதாக நகல் எடுத்து எங்கள் கம்பெனியில் பில் கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

ஏற்கெனவே ஒரு முறை முயன்றிருப்பதுதான் காரணிகளில் மிகப் பெரியது என்று சொல்லிவிட்டு, அம்மையார் ஓர் ஆய்வைச் சொன்னார். உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அது, ஐந்து நாடுகளில் ஐந்து ஊர்களில் நடந்தது. ஐந்தில் ஒன்று நம் சென்னை. முயன்று, பிழைத்து, மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். இன்னொரு பிரிவுக்கு அதோடு ஒரு மணி நேரப் பேச்சு, பிறகு 18 மாதத்தில் ஒன்பது முறை, நேரிலோ தொலைபேசியிலோ எப்படி இருக்கிறீர்கள் என்ற விசாரிப்பு. முடிவு 2008இல் வெளியானது. முதல் பிரிவில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள், இரண்டாவதில் 0.2 சதவீதம். செலவு என்று பார்த்தால் ஒன்பது விசாரிப்பு. எங்கள் தெருவில் இப்படி ஒருவர் பிழைத்து வந்தால் என்ன நடக்கிறது? முதல் வாரம் எல்லாரும் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போய்ப் பார்க்கிறார்கள். இரண்டாம் வாரம் "சும்மா மிரட்டினாள்" என்கிறார்கள். மூன்றாம் வாரத்திலிருந்து அந்த வீட்டுப் பக்கம் யாரும் போவதில்லை.

இவ்வளவும் சொல்லிக்கொடுத்த அமைப்பு, பயிற்சி பெற்றவர்களை அதற்குப் பிறகு ஒரு முறைகூட விசாரிக்கவில்லை என்பது எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது. மறுபயிற்சி கிடையாது, சந்தேகம் கேட்க ஓர் எண்ணும் கிடையாது. குழுவின் தவணைப் பதிவேட்டிலேயே கடைசிப் பக்கங்களை ஒதுக்கி, யாரை யார் எந்தத் தேதியில் போய்ப் பார்ப்பது என்று நானே கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். தேதி எழுதினால்தான் எங்கள் பெண்களுக்குக் கால் நகரும்.

மருந்துக் கடைக்காரர் கேட்ட இன்னொரு கேள்வி கையேட்டிலேயே இல்லாதது. போலீஸ் கேஸாகிவிடும் என்ற பயத்தில் வீட்டுக்காரர்கள் மருத்துவமனையில், "தெரியாமல் நடந்துவிட்டது" என்று எழுதச் சொல்கிறார்கள். அப்படி எழுதினால் மனநலப் பிரிவு அவரைப் பார்க்காமலே வீட்டுக்கு அனுப்பிவிடும் வாய்ப்பு அதிகம். உண்மையில், 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவும், 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் அந்த வடிவத்தில் இல்லை. மருத்துவமனையில் எம்.எல்.சி., அதாவது மெடிக்கோ லீகல் கேஸ் என்று எழுதிக்கொள்வது வெறும் பதிவு, அதையே வழக்கென்று எண்ணி மிரள வேண்டாம். அம்மையார் வாயால் சொன்ன இந்த விஷயத்தைக் கையேட்டில் முதல் பக்கத்தில் போட்டிருக்க வேண்டும்.

கடைசியாக ஓர் அட்டை கொடுத்தார்கள். மனம் கனக்கத் தொடங்குவதற்கு எனக்கு என்ன அறிகுறி, அப்போது தனியாக என்ன செய்தால் சற்றுத் தேவலை, எங்கே போகலாம், யாரிடம் சொல்லலாம், எந்த மருத்துவரை, எந்த எண்ணை அழைக்கலாம், வீட்டை எப்படி ஆபத்தில்லாமல் வைத்துக்கொள்ளலாம் என்று நல்ல நாளிலேயே எழுதி வைத்துக்கொள்ளும் அட்டை. அமெரிக்காவின் பார்பரா ஸ்டான்லி, கிரெகரி பிரவுன் இருவரும் வகுத்த முறை இது. எங்களுக்கு ஸ்டான்லி என்றால் பழைய வண்ணாரப்பேட்டை மருத்துவமனைதான், அரங்கில் பாதிப் பேர் அட்டை அங்கிருந்து வந்ததாகவே நினைத்துக்கொண்டார்கள். நினைக்கட்டும், அங்கேயும் மனநலப் பிரிவு இருக்கிறது. கீழ்ப்பாக்கம் என்ற பெயரையே வசவாக்கிவிட்ட ஊரில், பக்கத்து மருத்துவமனையின் பெயரென்றால் போகக் கூச்சம் குறையும். எங்கே போகலாம் என்ற இடத்தில் ஆட்டோக்காரர், "கடலோரக் கல்லில் போய் உட்காருவேன்" என்று எழுதியிருந்தார். அம்மையார் படித்துவிட்டு, "அங்கே உங்களோடு பேச யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார். அவர் அதை அடித்துவிட்டு, 'ஸ்டாண்டு டீக்கடை' என்று எழுதினார்.

சாப்பாடு பொட்டலத்தில் வந்த சாம்பார் சாதம், தயிர் சாதம், ஊறுகாய். குறையில்லை. மின்விசிறிகள் சத்தம் போடுகின்றன, முன்வரிசையில் உட்காருவது புத்திசாலித்தனம். சான்றிதழில் என் பெயரைத் தவறாக அச்சடித்துவிட்டார்கள். அதை மாட்டி வைக்க எனக்குச் சுவரும் இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர்களை விடுவதாக இல்லை. இறப்பவர்களில் நூற்றுக்கு 72 பேர் ஆண்கள் என்று காலையில் திரையில் காட்டினார்கள். அரங்கிலிருந்த நாற்பது பேரில் ஆண்கள் பத்துப் பேர்கூட இல்லை. சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு வைத்தால், விடிய விடிய ஏலத்தில் நின்றவன் எப்படி வருவான்? அவன் தூங்கும் நேரம் அது. அடுத்த வகுப்பைத் தடைக்காலத்தில், மாலை ஐந்து மணிக்கு மேல், துறைமுகத்தை ஒட்டியே வையுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். வலை பழுது பார்த்து முடித்துவிட்டு, கடை திறந்திருக்கிறதே என்று கால் அந்தப் பக்கம் திரும்புவதற்கு முன்னால் பிடித்து உட்கார வைக்க வேண்டும். எங்கள் ஐஸ் கொட்டகை மே மாதத்தில் காலியாகத்தான் கிடக்கும், அறுபது பேர் தாராளமாக உட்காரலாம். முதலாளியிடம் கேட்டுவிட்டேன். வாடகை வேண்டாம், கரண்ட் பில்லை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார்.